ரன்னிங் பேக்கின் வொர்க்லோட்: ‘பணிச்சுமை’ மட்டும் போதாது

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்களில் ‘ரன்னிங் பேக்’, ‘பிரேக்அவுட் சீசன்’, ‘வொர்க்லோட்’ ஆகிய மூன்றுக்கும் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த மடல் இழையில் மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. அது நல்லதே. ஓர் ஆட்டக்காரரை எடைபோடும்போது இந்த மூன்றையும் பிரித்துப் பேச முடியாது. முதல் இரண்டுக்கும் என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மூன்றாவதற்கு வருகிறேன். அதில்தான் எனக்கு வலுவான மறுப்பு இருக்கிறது.

> ரன்னிங் பேக் = பின்னோடி. சுருக்கமாக இருக்கிறது, பிறமொழிச் சொல்லுக்கும் நெருக்கமாக இருக்கிறது.

‘முன்னோடி’ நன்கு வேரூன்றிய சொல். அதன் பக்கத்தில் ‘பின்னோடி’யை வைத்தால், யாரோ ஒருவரைப் பின்தொடர்ந்து ஓடுபவர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஆட்டம் தொடங்கும் நொடியில் முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதற்கு மேல் ‘பேக்’ என்ற சொல்லில் பொருள் இல்லை. அணியின் ஆட்டத்தை நடத்துபவரான குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கி, அதை ஏந்திக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுவதுதான் அவருடைய வேலை. ஆகவே ‘ஏந்தோடி’ என்று வைக்கலாம். நாடோடி, முன்னோடி போன்ற ஆக்கம்தான். இதிலிருந்தே, பந்தை ஒருமுறை ஏந்தி ஓடுவதைக் குறிக்கும் ‘கேரி’ என்பதற்கு ‘ஏந்தோட்டம்’ கிடைத்துவிடுகிறது. வெறும் ‘ஓட்டம்’ நம் விளையாட்டுப் பக்கங்களில் கிரிக்கெட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. “345 ஓட்டங்களில் 2,005 கெஜம்” என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். ‘டச்’ என்பதைத் ‘தொடுகை’ என்று பெயர்ப்பதும் சரியில்லை. பந்தைத் தொட்டதை அங்கே எண்ணுவதில்லை, பந்து ஒருவர் பொறுப்பில் வந்ததைத்தான் எண்ணுகிறார்கள். ஏந்தோட்டங்களையும், குவார்ட்டர்பேக் கையால் வீச அவர் பிடித்த பாஸ்களையும் கூட்டி வருவது அந்தக் கணக்கு. அதற்குப் ‘பந்தேற்பு’ பொருந்தும்.

அடுத்தது ‘பிரேக்அவுட் சீசன்’, அதாவது ஓர் ஆட்டக்காரர் முதன்முதலில் முன்னுக்கு வரும் பருவம். ‘எழுச்சிப் பருவம்’, ‘திருப்புமுனைப் பருவம்’ என்ற இரண்டும் முன்மொழியப்பட்டுள்ளன. எழுச்சி என்றால் நமக்கு மக்கள் எழுச்சிதான் நினைவுக்கு வருகிறது. திருப்புமுனையோ, அதற்குப் பின் எல்லாம் மாறிவிட்டது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. மதிப்பீட்டாளர் கேட்கவேண்டிய கேள்வியே அதுதான்: இது நிலைக்குமா? கேள்விக்கான விடையைக் கலைச்சொல்லுக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. எனவே ‘தலையெடுப்புப் பருவம்’ என்பதை முன்வைக்கிறேன். “பையன் தலையெடுத்துவிட்டான்” என்று வீடுகளில் சொல்கிறோமே, அதே சொல்தான். இதுவரை பின்னால் இருந்தவர் முன்னுக்கு வந்துவிட்டார் என்பதோடு அது நின்றுகொள்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு ஏந்தோடி சேக்வான் பார்க்லியின் 2024 பருவத்தைப் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றவேண்டும். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு வந்த முதல் ஆண்டிலேயே 2,005 கெஜம் ஓடியது மகத்தான சாதனை. ஆனால் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 2018-இல், தம் முதல் பருவத்திலேயே, 1,307 கெஜம் ஓடியவர் அவர். இடையில் முழங்காலில் அடிபட்டு, சரிந்து, மீண்டும் வந்தார். அது மீட்சி.

உண்மையான தலையெடுப்புக்கு லாரி ஜான்சனைச் சொல்வேன். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2003-இல், புதியவர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. அணியின் முதன்மை ஏந்தோடியாக பிரீஸ்ட் ஹோம்ஸ் இருந்ததால் முதல் ஆண்டில் அவருக்குக் கிடைத்தவை 20 ஏந்தோட்டங்கள்தான், அடுத்த ஆண்டு 120. 2005-இன் நடுவில் ஹோம்ஸுக்கு அடிபட்டது. எஞ்சிய ஒன்பது ஆட்டங்களிலும் ஜான்சன் முதலிலிருந்தே இறங்கினார், ஒன்பதிலும் 100 கெஜத்தைத் தாண்டினார். பருவ முடிவில் 336 ஏந்தோட்டங்கள், 1,750 கெஜம், ஏந்தோட்டத்துக்குச் சராசரி 5.2 கெஜம். அவருக்கு முன்னால் வழி திறந்தவர்களில் வில்லி ரோஃபும் வில் ஷீல்ட்ஸும் இருந்தார்கள். இருவரும் பின்னாளில் புகழவையில் (ஹால் ஆஃப் ஃபேம்) இடம்பெற்றவர்கள். 2006 பருவம் தொடங்குமுன் ரோஃப் ஓய்வுபெற்றார். பயிற்சியாளர் மாறினார். முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் தலையில் அடிபட்டு வெளியேறினார். அணியின் பாரம் முழுவதும் ஜான்சன் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு 416 ஏந்தோட்டங்கள், ஆட்டத்துக்கு 26 வீதம். ஒரே பருவத்தின் லீக் ஆட்டங்களில் அத்தனை முறை பந்தேந்தி ஓடியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. 1,789 கெஜம் கிடைத்தது, ஆனால் சராசரி 4.3-க்கு இறங்கிவிட்டது. 2007-இல் எட்டே ஆட்டங்கள், 158 ஏந்தோட்டங்கள், 559 கெஜம். பாதத்தில் ஏற்பட்ட காயம் அவருடைய பருவத்தை அத்துடன் முடித்துவிட்டது.

இங்கேதான் மூன்றாவது சொல் வருகிறது.

> வொர்க்லோட் = பணிச்சுமை. பும்ரா பற்றிய செய்திகளில் நாளிதழ்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. புதிதாக எதற்கு?

‘பணிச்சுமை’யை நான் தள்ளவில்லை. பயிற்சியாளர் ஒருவருக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறார் என்பதற்கு அது மிகப் பொருத்தமான சொல். ஆனால் ஆங்கிலத்தில் ‘வொர்க்லோட்’ என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்று, கொடுக்கப்பட்ட வேலை. மற்றொன்று, அந்த வேலையால் உடம்பு வாங்கிக்கொண்டது. முன்னதை எண்ணலாம். பின்னதில் பெரும்பகுதிக்குக் கணக்கே இல்லை. ஏந்தோடியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுதான் எல்லாமே.

ஒரு பாஸ் ஆட்டத்தைக் கவனியுங்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு பின்வாங்குகிறார். ஏந்தோடி அவருக்குப் பக்கத்தில் நிற்கிறார். பந்து அவரிடம் வரப்போவதில்லை. அவருடைய கண் எதிரணித் தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களை இடமும் வலமும் தேடுகிறது. அவர்களில் ஒருவர், பல கெஜம் ஓடிவந்த வேகத்தோடு, முன்வரிசையின் இடைவெளியில் நுழைகிறார். ஏந்தோடி இரண்டு எட்டு முன்னேறி, முழங்காலை மடக்கி, அந்த உடம்பைத் தம் மார்பில் வாங்குகிறார். வருபவர் பெரும்பாலும் அவரைவிடக் கனமானவர். பாஸ் வெளியேறிவிட்டது, 15 கெஜம் கிடைத்தது, அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. மறுநாள் புள்ளிவிவரத் தாளில் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு வரி உண்டு, பாஸைப் பிடித்தவருக்கு ஒரு வரி உண்டு. நடுவில் அந்த மோதலை வாங்கியவருக்கு ஏந்தோட்டமும் இல்லை, பந்தேற்பும் இல்லை. அவருடைய ‘வொர்க்லோட்’ அந்த ஆட்டத்தில் பூஜ்யம் என்று பதிவாகிறது. இதைப் பார்த்த பிறகும் ஒரே சொல் போதும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டெரல் டேவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வர் பிராங்கோஸ் அணிக்காக 1998-இல் 392 ஏந்தோட்டங்கள், 2,008 கெஜம். மறு ஆண்டு நான்காவது ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது, அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மிகைச்சுமைக்கு எடுத்துக்காட்டாக இவரைக் காட்டாதவர் இல்லை. ஆனால் அன்று அவர் பந்தேந்தி ஓடவில்லை. தம் அணி வீசிய பாஸை எதிரணி இடைமறித்தபோது, பந்தோடு ஓடியவரைத் தடுக்கப் போய்த்தான் அடிபட்டார். முந்தைய ஆண்டின் 392 அந்த முழங்காலைத் தளர்த்தியிருந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. எண்ணிக்கையைக் காரணமாக எழுதுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டாகவேண்டும், கேட்பதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அதனால் உடம்பு வாங்கிக்கொண்டதற்குத் ‘தாங்குசுமை’ என்று வைக்கக் கோருகிறேன். இது வினைத்தொகை: தாங்கிய சுமை, தாங்குகின்ற சுமை, தாங்கும் சுமை. ஏந்தோடியின் உடம்பில் மூன்று காலமும் சேர்ந்துதான் இருக்கின்றன. கல்லூரியில் வாங்கிய அடியும் நேற்றைய அடியும் ஒரே மூட்டில்தான் இறங்குகின்றன. பொறியியலில் இது குழப்பம் தருமே என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பேசப்படுவது ‘தாங்குதிறன்’, அதாவது எவ்வளவு தாங்க முடியும் என்பது. இது எவ்வளவு தாங்கியது என்பது. திறனும் சுமையும் அருகருகே நின்றால் இரண்டும் தெளிவாகவே இருக்கும்.

இரண்டு சொற்கள் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்தப் புகழ்பெற்ற ‘370’ விதியைப் பாருங்கள். ஒரு பருவத்தில் 370 ஏந்தோட்டங்களைத் தொட்டவர் அடுத்த ஆண்டு சரிவார் என்று ஆரன் ஷாட்ஸ் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் எழுதினார். ஜான்சன், டேவிஸ், 1998-இல் 410 முறை ஓடி மறு ஆண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் கிழிந்த ஜமால் ஆண்டர்சன் என்று பட்டியல் மிரட்டலாக இருக்கிறது. ஆனால் 1983-இல் முதல் பருவத்திலேயே 390 முறை ஓடிய எரிக் டிக்கர்சன்தான் மறு ஆண்டு 2,105 கெஜம் ஓடினார். லீக் ஆட்டங்களில் அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 2020-இல் 378 முறை ஓடிய டெரிக் ஹென்றி மறு ஆண்டு பாத எலும்பு முறிந்து எட்டு ஆட்டங்களோடு நின்றார். அதற்கு அடுத்த ஆண்டே 1,538 கெஜம் ஓடினார், 2024-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்காக, 30 வயதில், 1,921. விதியை மறுத்தவர்கள் சொன்ன காரணமும் வலுவானது. 370-ஐ எட்டவேண்டும் என்றாலே அந்த ஆண்டு முழுக்க அடிபடாமல் இருந்திருக்கவேண்டும். உச்சத்தில் நின்ற ஒருவர் அடுத்த ஆண்டு வழக்கமான நிலைக்கு இறங்கினாலே அது வீழ்ச்சியாகத் தெரியும். பணிச்சுமையின் எண் ஒன்றை வைத்துக்கொண்டு தாங்குசுமையை ஊகித்ததுதான் இங்கே நடந்தது.

டிமார்கோ மர்ரேயின் கதை இன்னும் துல்லியமானது. டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் 2014-இல் 392 ஏந்தோட்டங்கள், 1,845 கெஜம். 57 பாஸ்களும் பிடித்தார், ஆக மொத்தம் 449 பந்தேற்புகள். மறு ஆண்டு ஈகிள்ஸ் அணிக்குப் போய் 193 ஏந்தோட்டங்களில் 702 கெஜம்தான் எடுத்தார். உடம்பு தேய்ந்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அதே 2015-இல் டாலஸில், அவர் விட்டுச்சென்ற முன்வரிசைக்குப் பின்னால், டாரன் மெக்ஃபேடன் சராசரி 4.6 என்ற கணக்கில் 1,089 கெஜம் ஓடினார். 2016-இல் மர்ரே டென்னசி டைட்டன்ஸ் அணியில் 1,287 கெஜம் ஓடித் திரும்பிவந்தார். முன்வரிசையும் ஆட்டமுறையும் மாறியதன் விளைவில் ஒரு பங்கையாவது அவருடைய கால்களின் மேல் எழுதிவிட்டார்கள். ஒப்பந்தப் பணமும் தொழில் வாழ்க்கையும் இத்தகைய தீர்ப்புகளில் தொங்குகின்றன. ஏந்தோடியின் நல்ல ஆண்டுகள் மிகச் சில. சொல்லில் உள்ள குழப்பம் ஒரு மனிதரின் பிழைப்பைத் தொடும்போது அகராதி வேலை சின்ன வேலை இல்லை.

பணிச்சுமையை எண்ணும்போதும் எங்கே நிறுத்துகிறோம் என்பதைக் குறிப்பில் எழுதவேண்டும். டிக்கர்சனின் சாதனையைத் தாண்ட 2024-இல் பார்க்லிக்கு 101 கெஜம் தேவைப்பட்டது. கடைசி லீக் ஆட்டத்தில் ஈகிள்ஸ் அவருக்கு ஓய்வு கொடுத்தது. நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதன் பின் பிளே ஆஃபில் நான்கு ஆட்டங்களில் 91 ஏந்தோட்டங்கள் வந்தன. 345 என்று காட்டும் அட்டவணைக்கும் 436 என்ற உண்மைக்கும் நடுவில் நான்கு கடுமையான ஆட்டங்கள் மறைந்துகிடக்கின்றன. அதேபோல் 1984-இல் டாம்பா பே அணியின் ஜேம்ஸ் வைல்டர் 407 முறை ஓடினார் என்பதோடு விட்டுவிட்டால், பிடித்த 85 பாஸ்களும் சேர்ந்து 492 பந்தேற்புகள் ஆனது தெரியாமலே போகும்.

எஞ்சியிருப்பது ஒரு சொல்: வேலையை இரண்டு மூன்று ஏந்தோடிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறை. டெட்ராய்ட் லயன்ஸ் 2023-இல் டேவிட் மான்ட்கோமரிக்கு 219 ஏந்தோட்டங்களும் ஜமீர் கிப்ஸுக்கு 182-ம் கொடுத்தது அப்படித்தான். ‘குழு ஓட்டம்’ என்று வந்திருக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஓடுவதுபோல் தோன்றுவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘பணிப்பங்கீடு’ எளிது, நம் சொல்வரிசையோடும் ஒட்டுகிறது.

மருத்துவச் சொற்களில் பணியாற்றும் குழுவினர் ஒன்றைப் பார்த்துச் சொல்லவேண்டும். மூட்டு, தசைநாண் பற்றிய இயன்முறை மருத்துவப் பட்டியலில் ‘தாங்குசுமை’ வேறு பொருளில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறதா? இருந்தால் ‘உடற்சுமை’க்கு மாறிக்கொள்ள எனக்குத் தடையில்லை. பணிச்சுமைக்கும் அதற்கும் தனித்தனிப் பதிவு இருக்கவேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்.