கதிர்வீச்சால் இறுகிய தோலுக்குக் கொழுப்பு மாற்று சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக்குப் பிறகு அக்காவின் தோல் பலகை மாதிரி இறுகிவிட்டது. கையைத் தூக்கினாலே இழுக்கிறது. வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே செலுத்தலாம் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது செய்திருக்கிறீர்களா?

பதில்: நான் செய்துகொண்டேன். தோல் மெல்ல இளகியது, வலியும் குறைந்தது. கதிர்வீச்சு சிறு ரத்தக்குழாய்களைக் கெடுத்து நார்த்திசுவைப் பெருக்கிவிடும். கொழுப்பிலுள்ள ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) புது ரத்தக்குழாய்கள் உருவாகத் தூண்டுகின்றன. இத்தாலியில் பிளாஸ்டிக் சர்ஜன் ரிகோட்டியின் குழு 2007-லேயே இதைப் பற்றி எழுதியது. செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும், அதனால் பலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும். அக்காவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பதில்: ஆறாத புண் இருந்தால் முதலில் பயாப்ஸி (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது). அப்புறம் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை (அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜனைச் சுவாசிப்பது) பற்றியும் கேளுங்கள்.

கேட்டவர்: புண் இல்லை, இறுக்கம்தான். புற்றுநோய் மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறோம்.