காய் பெரிதாகக் காய்க்கிறது, ஆனால் சத்து இருக்கிறதா?

கீரைப்பாத்தி:
ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. வீட்டுப் பெரியவர்கள் "மண்ணே செத்துப் போச்சு, காயில் சத்து எங்கே இருக்கும்" என்கிறார்கள். ஆனால் என் தோட்டத்தில் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது, காயும் நன்றாகவே பிடிக்கிறது. மண்ணில் சத்து இல்லையென்றால் செடியே வளராதே? மண்ணுக்கும் சாப்பிடுகிறவர் உடம்புக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

மண்புழு:
செடிக்கு வேண்டியதும் நமக்கு வேண்டியதும் ஒன்றல்ல, குழப்பமே அங்கேதான். செலினியம் என்று ஒரு நுண்தாது, அது இல்லாமலே பயிர் அமோகமாக விளையும், ஆனால் நம் உடம்புக்கு அது கட்டாயம் வேண்டும். சீனாவில் செலினியம் குறைந்த மண் உள்ள பகுதிகளில் கேஷான் நோய் என்று இதயத் தசையைக் கெடுக்கும் ஒரு நோய் பரவலாக இருந்தது, குழந்தைகளையும் இளம்பெண்களையும்தான் அதிகம் தாக்கியது. செலினியம் கொடுத்த பிறகு வெகுவாகக் குறைந்தது. பின்லாந்து மண்ணிலும் இதே குறைதான். அவர்கள் 1980களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் உரத்திலேயே செலினியத்தைக் கலந்தார்கள், சில ஆண்டுகளில் தானியத்திலும் பாலிலும் மட்டுமல்ல, மக்கள் ரத்தத்திலும் அளவு ஏறியது. வயலில் போட்டது ரத்தம் வரை போயிருக்கிறது, இதைவிட நேரடித் தொடர்பு வேறென்ன வேண்டும்?

விதைநெல்:
சரிதான், ஆனால் எல்லாப் பழியையும் மண் மேல் போட வேண்டாம். அமெரிக்காவில் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999 சத்துக் கணக்குகளை ஒப்பிட்டு 2004இல் ஓர் ஆய்வு வந்தது. புரதம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, வைட்டமின் பி2, சி ஆகிய ஆறும் குறைந்திருந்தன. ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் கருதியது மண்ணை அல்ல, ரகத்தை. விளைச்சலை மட்டும் பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுத்தால் காய் பெருக்கும், அதே அளவு தாது பெரிய காய்க்குள் நீர்த்துப்போகும். அதனால் நீங்கள் சொல்கிற அந்தப் பெரிய காயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேர்முடிச்சு:
இரண்டு பேர் சொன்னதும் உண்மை, ஆனால் மண்ணில் சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்காமல் போவதை யாரும் சொல்லவில்லை. வேரோடு ஒட்டி வாழ்கிற பூஞ்சை ஒன்று உண்டு. வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் நூல் மாதிரி நீண்டு இழுத்து வந்து கொடுக்கும். பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்வதைக் குறைத்துவிடும், துத்தநாகம் வருவதும் அதோடு குறையும். திரும்பத் திரும்ப உழுதால் அந்த நூல்கள் அறுந்துபோகும்.

உங்கள் மண்ணை நீங்களே பார்க்கலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெதுவாக விடுங்கள். உயிருள்ள மண் சில குமிழிகளை விட்டுவிட்டு கட்டியாகவே உட்காரும். மக்கு, அதாவது மக்கிய இலைதழையும் சாணமும், இல்லாத மண் கண்ணெதிரே பொலபொலவென்று உதிர்ந்து அடியில் சேறாகப் படியும். அப்படி உதிர்ந்தால் மக்கு போடுங்கள், மண்ணை வெறுமையாக விடாமல் காய்ந்த இலை, வைக்கோலால் மூடாக்குப் போடுங்கள்.

மழைத்துளி:
கைக்குழந்தை என்றீர்களே, எனக்குக் காயைவிடத் தண்ணீர்தான் கவலை. நாம் போடும் உரத்தில் பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைட்ரேட் என்ற தழைச்சத்து உப்பு மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரில் புட்டிப்பால் கலந்தால் பச்சிளம் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்கிற ஆபத்து உண்டு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

கீரைப்பாத்தி:
எல்லோருக்கும் நன்றி. மண்கட்டி இரண்டு நிமிடத்தில் கரைந்துவிட்டது, மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதைவிட அந்தக் கடைசிப் பதில்தான் தூக்கிவாரிப் போட்டது, இத்தனை நாளாகக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பால் கலந்தோம். இன்றே வேறு தண்ணீருக்கு மாறிவிட்டோம், காலையில் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.