நங்கநல்லூரா, மடிப்பாக்கமா? வாடகை வீட்டுக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். இப்போது சென்னை சைதாப்பேட்டையில் ஒரே படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். பையன் ஜூனில் ஒன்றாம் வகுப்பு போகிறான், ஆவணியில் அடுத்த குழந்தை. மாமியாரும் எங்களோடு வந்துவிடுவார். அவருக்கு முட்டிவலி, அதனால் தரைத்தளம் அல்லது லிஃப்ட் கட்டாயம். இரண்டு படுக்கையறை, வாடகை 22,000க்குள். எனக்கு வேலை கிண்டியில், கணவருக்குத் தரமணியில்.

மனதுக்குப் பிடித்தது நங்கநல்லூர்தான். மெட்ரோ இருக்கிறது, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் காய்கறி, மருந்து எல்லாம் நடந்தே வாங்கிவிடலாம். ஆனால் எங்கள் காசுக்குக் காட்டுவதெல்லாம் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி.

மடிப்பாக்கத்தில் அதே வாடகைக்குத் தரைத்தளம் கிடைக்கிறது. பார்த்த ஒரு வீட்டில் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் இடுப்பு உயரத்துக்கு ஈரக் கோடு தெரிந்தது. கேட்டால், “அது பழைய மழைங்க” என்கிறார் புரோக்கர். எந்த மழை, 2015 வெள்ளமா, 2023 மிக்ஜாம் புயலா? கைக்குழந்தையோடு கரண்ட் இல்லாமல் மொட்டை மாடியில் உட்கார எனக்குத் தெம்பில்லை.

அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்: 2023 டிசம்பரில் எந்தத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை? கோடையில் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? குரோம்பேட்டையில் ஸ்டேஷன் பக்கம் எப்படி? கிண்டிக்கு மின்சார ரயில் எனக்குச் சரிப்படும், கணவருக்குத்தான் சுற்று. ஆதம்பாக்கம் பற்றியும் தெரிந்தால் எழுதுங்கள்.

“லோன் போட்டு சொந்தமாக வாங்கிவிடுங்கள்” என்பதை மட்டும் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் மாற வேண்டும்.