உடம்பில் தெம்பில்லாதபோது ஆராதனையில் சந்தோசம் வருமா?

(கேட்பவரும் பதில் சொல்பவர்களும் புனைபெயரில் எழுதுகிறார்கள்.)

உப்புவெளி: எங்கள் செபக்குழுவில் காய்ச்சலில் கிடந்து எழும்பினவர்களும் இரவு வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டு வாயில் வருகிறது, மனதில் வரவில்லை என்கிறார்கள். இது பாவமோ என்றும் பயம். சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கவும் ஏலாது. கத்தோலிக்கர், மெதடிஸ்ட் இரு பகுதியினரும் உண்டு. என்ன சொல்லலாம்?

பாலையூற்று: பாவம் இல்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் செபம்தான்.

முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று படுத்த எலியாவைத் தூதன் செபிக்கச் சொல்லவில்லை. இரண்டு தரம் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான் (1 இராஜாக்கள் 19). நெகேமியா 8:10இல் கர்த்தருக்குள் மகிழ்ச்சியே பெலன் என்ற கடைசி வரியை எல்லோரும் சொல்வார்கள். அதே வசனம் கொழுமையானதைச் சாப்பிட்டு இனிப்பானதைக் குடியுங்கள் என்றுதான் தொடங்குகிறது.

கத்தோலிக்கரில் நடுச்சாமம் தொட்டுப் பட்டினி இருந்து பூசைக்கு வரும் வயதானவர்கள் இன்னும் உண்டு. அந்த ஒழுங்கு 1957இல் மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் குறைந்துவிட்டது. அதுவும் பூசை தொடங்குவதற்கு முன் அல்ல, நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்குவதற்கு முன். 6.30 பூசையில் 7.10 அளவில் நற்கருணை என்றால், 6 மணிக்குள் இரண்டு துண்டு பாணும் ஒரு வாழைப்பழமும் தாராளமாகச் சாப்பிடலாம். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. நோயாளிகள், முதியவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணித்தியாலமும் கட்டாயமில்லை.

ஆர்மோனியம்: களைத்தவர் எல்லாப் பாட்டையும் பாட முயல்வதுதான் பிழை. உச்சத்தில் நீண்ட அடிகளைப் பாடினால் மூச்சு தீர்ந்து தலை சுற்றும், பிறகு பிரசங்கமும் காதில் ஏறாது. ஒரு பாட்டில் ஒரு சரணத்தை மட்டும் தெரிந்தெடுத்து அதை முழு மனதோடு பாடட்டும். மற்றவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும், சபை பாடும்போது அவருக்காகவும் சேர்த்தே பாடுகிறது. இசைக்கருவி வாசிப்பவரிடம் சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் நல்லது.

கதவுப் பக்க வாங்கின் ஓரத்தில், ஃபேன் காற்றுப் படுகிற இடத்தில் இருத்துங்கள். எழும்ப முன் குதிக்காலைப் பத்துத் தரம் தூக்கி இறக்கினால் காலில் தேங்கின இரத்தம் மேலே வரும். நிற்க ஏலாவிட்டால் இருந்தபடியே ஆராதிக்கலாம்.

உப்புவெளி: மிக்க நன்றி. வீட்டுச் செபம் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

ஆர்மோனியம்: பத்து நிமிடம், வெயில் ஏற முன். 117ஆம் சங்கீதம் இரண்டே வசனம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் அல்லேலூயா மட்டும் சொன்னால் போதும். பிறகு இரண்டு நிமிடம் மௌனம். யாராவது அதில் கண்ணயர்ந்தால் எழுப்பாதீர்கள்.

கோணேசபுரி: ஒன்று விடுபட்டுவிட்டது. களைப்போ மனச்சோர்வோ இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, சீனி, தைரொயிட் மூன்றையும் பார்ப்பார்கள். மூச்சு வாங்கினால் இரண்டு கிழமை காத்திருக்கவும் வேண்டாம். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடக் கூடாது, உடம்பில் சரியாகச் சேராது. இப்படிப்பட்டவரிடம் "விசுவாசம் குறைவு" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

ஞாயிறு இரவு வேலைக்காரருக்குச் சனி மாலைப் பூசை போதும். வர ஏலாத நோயாளிக்கு ஞாயிறு பூசைக் கடமையே இல்லை. பாதரிடம் முன்கூட்டியே சொன்னால் நற்கருணை வீட்டுக்கு வரும். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் ஆயத்தமாக இருக்கட்டும். மெதடிஸ்ட் ஆட்கள் போதகரிடம் கேட்டால் திருவிருந்தை வீட்டிலேயே தருவார்.