அணுமின் நிலையம் கடலோரத்தில் வந்தால் மலையகத்துக்கு என்ன?

லிந்துலைக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் "நாட்டின் நாளைய மின்சாரம்" என்று ஒரு கலந்துரையாடல் ஏற்பாடாகியிருக்கிறது. தோட்டத்து இளைஞர் சார்பில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசலாமென்று நினைத்தேன். 2015இல் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்து நாடு எவ்வளவு ஆயத்தம் என்று பார்த்துவிட்டுப் போனது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை என்றாலும் பேச்சு ஓயவில்லை.

ஏற்பாட்டுக் குழுத் தலைவரோ, "அது கடற்கரைக்காரர்களின் தலைவலி தம்பி, நீங்கள் வீட்டுரிமையைப் பேசுங்கள்" என்கிறார். மறுபக்கம் கைத்தொலைபேசியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டிப் படங்களை அனுப்பி, இதைக் காட்டு என்கிறார்கள். அவற்றைத் தூக்கிக்கொண்டு மேடையேற எனக்கு மனமில்லை.

எனக்கு ஏன் இந்த அக்கறை என்றால், நான் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். 150 மெகாவாட். 2012இல் திறந்தார்கள். அதற்காகத் தலவாக்கலையில் கடைகளும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் இடம் மாறின. சென் கிளேயர் அருவிக்கு வரும் தண்ணீரைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டு, பார்ப்பதற்கென்று ஓரளவு திறந்துவிடுகிறார்கள். அந்தத் திட்டம் வேண்டாம் என்று இப்போது நான் சொல்லவில்லை. என் அறையில் எரிவதும் மின்சாரம்தான். ஆனால் மலையில் எதைக் கட்டினாலும் அதன் விலையில் ஒரு பங்கு நம் தலையில் விழுகிறது. கடலோரத்தில் கட்டினால் விழாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வதந்தி வேண்டாம்.

மின்கம்பி எழுதுகிறார்:

நான் மின் பொறியியலாளன். அணுமின்சாரத்துக்கு எதிரியும் அல்லன். நுரைச்சோலையில் 900 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரித்து வரும் சாம்பலைப் பார்த்தவர்கள், அணு உலையை மட்டும் பேய் என்று சொல்லத் தயங்குவார்கள்.

உங்கள் தலைவர் சொல்வதில் பாதி சரி. 1000 மெகாவாட் உலை ஒன்று ஏறத்தாழ 2000 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். குளிர்கோபுரம் வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 60,000 கனமீற்றர் நீர் ஆவியாகிப் போகும். அதனால்தான் கடலைத் தேடுகிறார்கள். ஆனாலும் மலைநாட்டில் வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். கர்நாடகத்தில் கைகா நிலையம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள், காளி ஆற்றின் கத்ரா நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது. 220 மெகாவாட் வீதம் நான்கு உலைகள். கட்டும்போதே, 1994இல், ஓர் உலையின் கொங்கிரீட் கூரையின் உட்பகுதி இடிந்து விழுந்தது. எரிபொருள் ஏற்றியிருக்கவில்லை என்பதால் ஊர் தப்பியது.

மற்றப் பாதி: அணு உலை இரவும் பகலும் ஒரே அளவில் ஓடத்தான் விரும்பும். நாம் மின்சாரத்தை அள்ளிச் செலவழிப்பதோ மாலை ஆறரைக்குப் பிறகு. இரவில் மிஞ்சுவதை எங்கே போட்டு வைப்பது? கீழ்க் குளத்து நீரை மேல் குளத்துக்கு இறைத்து வைத்து, மாலையில் திறந்துவிடும் நீரேற்று மின்நிலையம் வேண்டும். அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு அப்படியொரு திட்டம் ஏற்கனவே ஆராயப்பட்டிருக்கிறது. சூரிய மின்சாரத்துக்கும் அது வேண்டியதுதான். அணு உலை வந்தால் இன்னும் அவசரமாக வேண்டும். 2016இல் சாமசர மலை சரிந்தது அதே அரநாயக்கவில். ஆகவே உலை கடற்கரையில், அதற்கான குளம் மலையில். தலைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய டீமேக்கர் எழுதுகிறார்:

தம்பி, பொறியியலாளர் மின்சாரத்தைச் சொன்னார். நான் தேயிலையைச் சொல்கிறேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளை மோந்து பார்த்தே காலம் தள்ளியவன்.

2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா அணு உலை வெடித்தது. மே மாதம் கனகாவா மாகாணத்தில் மினாமி அஷிகாரா என்ற ஊரில் முதல் கொழுந்து எடுத்தார்கள். உலையிலிருந்து அந்த ஊர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பச்சைக் கொழுந்திலேயே கதிரியக்கச் சீசியம் கிலோவுக்கு 500 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அன்றைய வரம்பைத் தாண்டியிருந்தது. வரைபடத்தில் கூடங்குளத்திலிருந்து நுவரெலியாவுக்குக் கோடு போட்டுப் பாருங்கள், 360 கிலோமீட்டர் அளவில் வரும். நம்முடைய உலை ஒன்று திருகோணமலைப் பக்கம் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பதுளைக்கு 200 கிலோமீட்டர்கூட இல்லை, வடகீழ்ப் பருவக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் ஊவா மலையில் ஏறுகிறது.

அந்தக் கொழுந்துக்குச் சீசியம் எப்படி வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. விபத்து நடந்தபோது மே மாதக் கொழுந்து பிறக்கவேயில்லை. செடியில் இருந்தது முந்திய வருடத்து முற்றிய இலை. மழையோடு விழுந்ததை அந்த இலை உறிஞ்சி வைத்திருந்து, புதுத் துளிருக்கு ஊட்டிவிட்டது. தாய்ப்பால் மாதிரி. வேர் வழியாக வந்தது கொஞ்சம்தான் என்று கண்டார்கள். அதனால் அவர்கள் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? கவ்வாத்து! வழக்கத்தைவிடத் தாழ்த்தி வெட்டி, பழைய இலையை அப்புறப்படுத்தினார்கள்.

இங்கே நம் மலையை நினைத்துப் பாருங்கள். கவ்வாத்து முடிந்தால் இலையும் நுனியும் அதே நிரையில் கிடந்து மக்கும், மண்ணுக்கு உரம். வெட்டிய கிளைக் குச்சியான மிலாறை யார் எடுக்கிறார்கள்? பெண்கள் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து லயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காஸ் விலை ஏறிய பிறகு அதுவும் கூடிவிட்டது. அடுப்பில் எரித்த சாம்பலைப் பின்புறத்து லீக்ஸ் பாத்திக்குத் தூவுகிறார்கள். விறகு எரிந்தாலும் சீசியம் எரியாது, பெரும்பாலும் சாம்பலில் திரண்டு நிற்கும். ஜப்பானில் வைத்தியமாக இருந்தது இங்கே நோயை வீட்டுக்குள் கூட்டி வரும். இதை எந்த அறிக்கை எழுதும் ஐயாவும் யோசிப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை, ஏனென்றால் அவர் மிலாறு சுமந்த வீட்டில் பிறந்திருக்க மாட்டார்.

இன்னொன்று, ஸ்டோர் கணக்கு. நாலரை, ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். நீர் போகும், சீசியம் போகாது. ஆக, கொழுந்தில் வரம்புக்குள் நிற்பது தூளில் வரம்பை உடைக்கும். ஜப்பானிலும் காய்ந்த இலையை அளக்கக்கூடாது என்று தேயிலை மாகாணங்கள் மல்லுக்கு நின்றன. 2011 ஜூனில் ஷிசுவோக்காத் தேயிலையைப் பாரிஸ் விமான நிலையத்தில் பிடித்து அளந்து நிறுத்தினார்கள். அதைக் குடித்தவர்கள் நோயில் விழுந்ததாக நான் வாசிக்கவில்லை. விலை விழுந்தது. 1986இல் செர்னோபில் வெடித்தபோதும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் துருக்கியின் ரிசே தேயிலையில் கதிரியக்கம் ஏறி, அந்த நாட்டு அமைச்சர் ஒருவர் பத்திரிகைக்காரர் முன்னால் தேநீர் குடித்துக் காட்டினார். பிறகு டன் கணக்கில் புதைத்தார்கள்.

நம் சந்தை எவ்வளவு மெல்லியது என்று 2017 டிசெம்பரில் பார்த்தோமே. நம் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்ததாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்திவைத்தது. கொழும்பு ஆடிப்போனது. வண்டுக்கே அந்தக் கூத்து. கொழுந்து வாங்க ஆளில்லையென்றால் மலைக்கு வேலையில்லை, வேலையில்லையென்றால் பெயர் போடமாட்டார்கள், அதாவது அன்றைய சம்பளம் இல்லை. கடற்கரையில் வலை காய்ந்தால் படம் எடுக்கக் கெமராவோடு வருவார்கள். பெயர் விழாத தோட்டத்துக்கு யார் வருவார்?

ஹீல்ஓயா பக்கத்தவள் எழுதுகிறார்:

டீமேக்கர் ஐயா விபத்தைச் சொன்னார். விபத்து நடக்காமலே வரும் செலவை நான் சொல்கிறேன்.

உமா ஓயாத் திட்டம் 120 மெகாவாட், 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். தெற்கே வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் நோக்கம். சுரங்கம் தோண்டியபோது 2014 இறுதியில் பாறைக்குள்ளிருந்து நிலத்தடி நீர் பீறிட்டது, பிறகும் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை நகரமே கடையடைத்து வீதிக்கு வந்தது. நீர் எடுக்கும் இடத்தையும் மின்நிலையம் இருக்கும் இடத்தையும் எல்லோரும் பேசினார்கள். நடுவில், மலைக்கு மேலே குடியிருந்தவர்கள் யார் கணக்கிலும் இல்லை. மின்கம்பி அண்ணன் சொல்லும் நீரேற்றுத் திட்டத்துக்கும் சுரங்கம் வேண்டும் அல்லவா?

நட்டஈடு என்று வந்தால் முதலில் கேட்பது உறுதிப்பத்திரம். எங்களுக்கு இருந்தது. பக்கத்து லயத்தில் இருப்பவருக்குச் சுவரும் சொந்தமில்லை, சுவர் நிற்கும் மண்ணும் சொந்தமில்லை. வெடிப்பைக் காட்டி எந்தப் பெயரில் விண்ணப்பம் எழுதுவது? ஆகவே தம்பி, உங்கள் தலைவர் வீட்டுரிமையைப் பேசச் சொன்னதும் நல்லதுக்குத்தான். அதையும் இதையும் பிரிக்காமல் ஒரே மேடையில் பேசுங்கள்.

லிந்துலைக்காரன்:

நன்றி அக்கா, ஐயா. மிலாறு விடயம் எனக்குத் தோன்றவேயில்லை, அம்மா இன்றைக்கும் அதில்தான் சமைக்கிறார். ஒரு சந்தேகம். விபத்தே நடந்து, கொழுந்து வாங்கவில்லை என்றால் நட்டஈடு கம்பனிக்குப் போகும். கொழுந்து எடுப்பவருக்கு? இதை இப்போதே கேட்க வழி இருக்கிறதா, அல்லது உலை கட்டும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

மின்கம்பி:

வழி இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். அந்த 30 நாளில் விழித்தெழுந்தால் தாமதம். மதிப்பீடு எந்தப் பரப்பை ஆராய வேண்டும் என்று எல்லை வகுப்பார்கள், அந்தக் கட்டத்திலேயே தேயிலை மலையைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் போட வேண்டும். வேலையிழப்புக்கான நட்டஈட்டையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றை இன்றைக்கே கேட்கலாம்: அடிப்படை அளவு. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் சீசியம் உலகத்தில் எல்லா மண்ணிலும் கொஞ்சம் உண்டு. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், முப்பது வருடம். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைக்காவிட்டால், நாளைக்கு எது பழையது, எது புதியது என்று வழக்கே நடத்த முடியாது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் தலவாக்கலையிலேயே இருக்கிறது. அணுசக்திச் சபையோடு சேர்ந்து அளந்து பகிரங்கப்படுத்தச் சொல்லுங்கள். கரையோரத்தில் வைக்கும் கதிரியக்கக் கண்காணிப்புக் கருவிகளில் ஒன்று மலையிலும் உண்டா என்றும் கேளுங்கள்.

பழைய டீமேக்கர்:

அளக்க வருபவர்களைத் தார் ரோட்டோரம் இருக்கும் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மேகம் முட்டுகிற உச்சி மலை, பள்ளத்து மலை, இந்த வருடம் கவ்வாத்து வெட்டிய மலை, மூன்றிலும் எடுக்கச் சொல்லுங்கள். கொழுந்து, தூள், மண், கூடவே லயத்து அடுப்புச் சாம்பலில் ஒரு பை. சாம்பலை விட்டுவிடுவார்கள், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். ஹட்டன் கூட்டம் எந்தத் திகதி என்று போடுங்கள் தம்பி, முழங்கால் வலி விட்டால் நானும் பஸ் ஏறுகிறேன்.