புதுப்பிப்பு: மூன்றாவது நாடகம் கிடைத்துவிட்டது

வரும் பருவத்துக்கு இரண்டு நாடகங்கள் முடிவாகிவிட்டன, மூன்றாவதுக்கு ஆள் போதவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். சரி, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கரடி’யைப் போடுகிறோம். 1888-இல் எழுதிய ஓரங்க நாடகம். மூன்றே பாத்திரங்கள், ஒரே அறை. செட் செலவும் மிச்சம்.

செகாவ் 1904-லேயே இறந்துவிட்டார், உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தோம். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டென்பது யாருக்கும் உறைக்கவில்லை (எனக்கும்தான்). அப்புறம் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி அனுமதி வாங்கினோம்.

நேற்று முதல் வாசிப்பு. கிழட்டு வேலைக்காரர் லூக்காவாக நடிப்பவர், வசனம் இல்லாத இடத்திலும் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சண்டைக்கு வேண்டிய இரண்டு பொம்மைத் துப்பாக்கிகள்தான் இன்னும் கிடைக்கவில்லை.