மண்டாய்க்கு அம்மாவோடு ஒரு முழு நாள்: ஒரு பூங்காவா, இரண்டா?

செங்காங் ரவி:
ஜூன் பள்ளி விடுமுறையில் தஞ்சாவூரிலிருந்து அம்மாவும் அக்கா குடும்பமும் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. என் பிள்ளைகளுக்கு நான்கு வயது, ஒன்பது வயது. அக்கா மகனுக்குப் பதினான்கு. விலங்குப் பூங்காக்கள் இருக்கும் மண்டாய்க்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். காலையில் விலங்குத் தோட்டம், இரவில் நைட் சஃபாரி என்பது என் கணக்கு. வீட்டுக்காரி ஒன்று போதும் என்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

பொங்கோல் குமார்:
இரண்டையும் பாருங்கள் அண்ணே. அப்படி ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நைட் சஃபாரியை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், எப்போதாவது வண்டலூர் விலங்குத் தோட்டம் போயிருப்பார்கள். அதுவே 600 ஹெக்டேர். இங்கே விலங்குத் தோட்டம் 30 ஹெக்டேர்கூட இல்லை. யானை, சிங்கம், புலி எல்லாம் அங்கேயே பார்த்தாயிற்று. ஆனால் இருட்டில் விழித்திருக்கும் விலங்குகளுக்கென்றே கட்டிய பூங்கா அங்கே கிடையாது. உலகத்திலேயே முதலில் இங்கேதான் வந்தது, 1994இல். விமான டிக்கெட் போட்டு வருகிறவர்களுக்கு ஊரில் கிடைக்காததைக் காட்டுவதுதான் மரியாதை.

ஈசூன் மலர்:
குமார் தம்பி, பதினான்கு வயதுப் பையனுக்கு நீங்கள் சொல்வது சரி. மற்ற எல்லாருக்கும் தப்பு. விலங்குத் தோட்டம் மாலை ஆறு மணிக்கு மூடுகிறது. நைட் சஃபாரி திறப்பது ஏழே காலுக்கு. நடுவில் உள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல் நான்கு வயதுக் குழந்தையை எங்கே வைத்துக்கொள்வது? காலை எட்டரையிலிருந்து நடந்த பிள்ளை. பசிக்கும், தூக்கம் வரும், தூக்கச் சொல்லி அழும். நைட் சஃபாரியைச் சுற்றிக் காட்டும் டிராமில் ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தூங்கிவிடும்.

அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். நைட் சஃபாரியில் விளக்கு நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் இருக்கும், அது விலங்குகளுக்காக வேண்டுமென்றே வைத்தது. வயதான கண்ணுக்கு அந்த வெளிச்சத்தில் புதரும் மானும் ஒன்றாகத்தான் தெரியும். "அதோ பாருங்க அத்தை, அதோ" என்று நாம் காட்டுவதற்குள் டிராம் நகர்ந்துவிடும். டிராமில் ஏறாமல் சிறுத்தைப் பாதையில் நடந்து பார்க்கலாம் என்றால், முழங்கால் வலியோடு இருட்டில் யார் நடப்பது?

பொங்கோல் குமார்:
அக்கா, நாள் முழுக்க அங்கேயே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. பகல் இரண்டு மணிக்கு மேல் போங்கள். விலங்குத் தோட்டத்தில் மூன்று மணி நேரம், வெளியே வந்து சாப்பாடு, அப்புறம் நைட் சஃபாரி. காலையில் அம்மா வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.

ஈசூன் மலர்:
இரண்டு மணியா! அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம். வெயிலில் விலங்குகள் நிழலில் ஒடுங்கிப் படுத்திருக்கும். நமக்கும் வியர்த்துக் கொட்டும். பிள்ளைகள் பார்ப்பது தூங்கும் சிங்கத்தின் முதுகைத்தான்.

காலை எட்டரைக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு எதுவும் அங்கே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அங்கே நமக்குக் கிடைப்பது நெருக்கம். 1973இல் திறந்தபோதே கூண்டு வேண்டாம், அகழியும் தண்ணீரும் செடியும் தடுப்பாக இருக்கட்டும் என்று திட்டமிட்டார்கள். அதற்கு ஆலோசனை சொன்னவர் இலங்கையின் தெஹிவளை விலங்குத் தோட்டத்தை நடத்திய லின் டி அல்விஸ். ஒராங்குட்டான் தலைக்கு மேலே கயிற்றில் குட்டியைச் சுமந்துகொண்டு போவதை ஒரு பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஃபிராஜில் ஃபாரஸ்ட் கூடத்துக்குள் போனால் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கியபடி பழம் தின்னும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம், ஆனால் தொடக்கூடாது. பப்பாளித் துண்டை இறக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சாறு மோவாயில் வழிய வழிய மென்று, சக்கையைத் துப்பும். என் மகள் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டேன் என்றாள். இதை இருட்டில், ஓடும் டிராமில் இருந்து பார்க்க முடியுமா?

கிளமெண்டி வாசகன்:
மழையை யாரும் பேசவில்லையே. ஜூனில் விடியற்காலையிலேயே சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் வரும், சில நாள் முற்பகல் வரை விடாது. முதல் நாள் இரவே வானிலை பார்த்துவிடுங்கள். இடி மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளிக் காட்சிகளை நிறுத்திவிடுவார்கள், அது சரியும்கூட. அதனால் மண்டாயிலேயே இருக்கும் ஆற்று விலங்குகள் பூங்காவான ரிவர் ஒண்டர்ஸைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. பாண்டாக்கள் இருக்கும் கூடம் குளிரூட்டியது, அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துப் போங்கள். கை கையும் ஜியா ஜியாவும் 2012இல் வந்தவை. அவற்றின் குட்டி லெ லெ 2024இல் சீனாவுக்குப் போய்விட்டது, பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

பொங்கோல் குமார்:
பார்த்தீர்களா, இவரும் இரண்டு பூங்கா என்றுதான் சொல்கிறார்.

கிளமெண்டி வாசகன்:
இல்லை தம்பி. மழை வந்தால் அதற்குப் பதிலாக இது என்றேன்.

உட்லண்ட்ஸ் பாட்டி:
ரவி தம்பி, நானும் உங்கள் அம்மா வயதுதான். இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், அந்த அம்மாவைக் கேட்டீர்களா? எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்கள் முழங்காலைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எங்களுக்கும் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

எனக்கு அது ஆ மெங் என்ற ஒராங்குட்டான். 2008இல் அது இறந்தபோது நான் அழுதேன். ஒரு குரங்குக்கா இப்படி என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது? என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது பேரப்பிள்ளைகளோடு போனால், அவர்கள் எங்கே ஓடினாலும் ஓடட்டும் என்று நான் ஒராங்குட்டான் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். தாய் குட்டிக்கு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

அப்புறம் சக்கர நாற்காலி. அங்கே வாடகைக்குக் கிடைக்கும், பாதைகளும் தோதாகத்தான் இருக்கும். ஆனால் "உட்காரும்மா" என்றால் ஊரிலிருந்து வந்தவர் உட்கார மாட்டார், நான்கு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். முதலில் பைகளை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். பதினொரு மணிக்குத் தானாகவே உட்காருவார்.

ஈசூன் மலர்:
பாட்டி சொன்னதுதான் சரி. பைகள் என்றதும் இன்னொன்று: பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே நிற்காதீர்கள். மண்டாய்க் காட்டுக் குரங்குகளுக்கு அதற்குள் சாப்பாடு இருக்கும் என்று தெரியும், பிடுங்கிக்கொண்டு போய்விடும். முதுகுப் பை போதும்.

பொங்கோல் குமார்:
அம்மாவைக் கேளுங்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அக்கா மகனையும் கேளுங்கள். இந்த மாதிரிப் பயணங்களில் அந்த வயதுப் பையன்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறான். சின்னவர்களுக்காக அரை நாள், பெரியவர்களுக்காக அரை நாள் என்று ஓடும். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவான். இருட்டில் கழுதைப்புலியைப் பார்த்தால் அவன் கைப்பேசியைத் தானே கீழே வைப்பான். அதற்காகத்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

செங்காங் ரவி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "யானையைக் கோயிலிலேயே பார்த்தாச்சு, அந்தக் குட்டி சுமக்கிற குரங்கைக் காட்டு, போதும்" என்றார். அதனால் காலை எட்டரைக்கு விலங்குத் தோட்டம், ஒரு மணிக்குள் வீடு. குமார் சொன்னதும் மனதில் தைத்தது. வேறொரு நாள் நானும் அக்கா மகனும் ஒன்பது வயதுக்காரனும் மட்டும் நைட் சஃபாரி போகிறோம். சின்னது அம்மாவோடு வீட்டில் இருக்கும். இப்படிப் பிரித்தால் டிக்கெட் செலவு கூடுமா?

ஈசூன் மலர்:
இரண்டு பூங்காவுக்கும் போகிறவர்களுக்கு மட்டும் சேர்த்து எடுங்கள், மற்றவர்களுக்குத் தனி. சேர்த்து எடுக்கும் சீட்டு எத்தனை நாள் செல்லும் என்பதை வாங்கும் முன் படித்துவிடுங்கள். ஊரிலிருந்து வருபவர்களுக்கு உள்ளூர்வாசி விலை கிடையாது. விடுமுறைக் காலம், இணையத்தில் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். போக வர, காத்திப் ரயில் நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து இருக்கிறது. அம்மாவோடு என்றால் டாக்சிதான் நல்லது.

பொங்கோல் குமார்:
நைட் சஃபாரிக்கு வெள்ளி, சனி வேண்டாம், வார நாளில் போங்கள். முதல் நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். போனதும் கூட்டத்தோடு டிராம் வரிசையில் நிற்காமல் நடைபாதையில் தொடங்குங்கள், பையன்களுக்குக் கால் இருக்கிறது. படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடக்கூடாது என்று அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இருட்டுக்குப் பழகிய கண்கள் அவை. ஒரு மணிக்கே வீடு என்பது மட்டும் எனக்கு இன்னும் சம்மதமில்லை அண்ணே. ஒட்டகச்சிவிங்கிக்கு உணவூட்டும் நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.